வேண்டாம் போய்ச் சேரும் கம்பி

தமயந்தி ஐந்து மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓசூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் பஸ் ஏறி வந்தது திட்டுவதற்காக மட்டும்தான். செம்மலர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ மலரு, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா? மூணு ஜாக்கெட்டு! மூணுலயும் கையே நுழையல. இழுத்து மாட்டுனா மூச்சு விட முடியல. நாத்தனா கல்யாணத்துல பழைய ஜாக்கெட்டு போட்டுட்டு நின்னேன், தெரியுமா?"

செம்மலர் தையல் மெஷினை விட்டு எழுந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"நீங்கதானுங்க்கா நல்லாருக்குதுன்னு சொன்னீங்க. போன்ல. மூணு தடவையும்."

"நானா? மூணு தடவையும் போனப் போட்டுக் காது கிழியத் திட்டுனேன்! நீ என்னடான்னா, 'ரொம்ப சந்தோசமுங்க்கா'ன்னு பல்லக் காட்டற. இவளுக்குத் திமிரப் பாருங்கன்னு எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லி அழுதேன்."

செம்மலருக்குத் திமிர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே பத்தாவதோடு பள்ளியை விட்டவள் அவள். இருபத்தாறு வயதாகிறது. ஒரு நாளில் அவள் பேசும் சொற்களை எண்ணினால் ஒரு ஜாக்கெட்டுக்கு வைக்கும் கொக்கிகளைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். ஆனால் வேலை சுத்தம். அரை அங்குலம் பிசகாது. ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் அளவு அவளிடம் இருந்தது.

அந்த அளவுகளெல்லாம் தையல் மேசைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியில் கிடந்தன. பாலிடெக்னிக்கில் ஏலம் விட்ட பழைய கம்ப்யூட்டர் அது. செம்மலர் மூன்று மாதம் வீடியோ பார்த்து, அதில் லினக்ஸ் ஏற்றி, தன் கையாலேயே சர்வராக மாற்றியிருந்தாள். கம்பெனிக்காரர்களின் இடத்தில் போட்டு வைக்கலாமே என்று கேட்டால் ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் ஒப்பவில்லை. தங்கள் சுற்றளவு செம்மலருக்குத் தெரியலாம், அவள் பெட்டிக்குத் தெரியலாம், வேறு யாருக்கும் தெரியக் கூடாது. கல்யாணமாகி வெளியூர் போனவர்களுக்கும் வசதிதான். பிறந்த ஊருக்கு வரும்போது செம்மலரிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள்; அந்தந்த ஊர்த் தையல்காரர் பெட்டியிடம் கேட்டு வாங்கித் தைத்துக் கொடுப்பார். அப்பா சின்னச்சாமி அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பாக இருந்தது, படுத்தே கிடந்தது, எந்நேரமும் உர்ரென்றது. அம்மா மரகதம் மட்டும் ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு பொட்டு வைப்பாள்.

தமயந்தி பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசைமேல் போட்டாள். ஓசூர் தையல்காரர் பாரூக் பாய் பெட்டியிடமிருந்து வாங்கி அச்சடித்தது. மார்புச் சுற்று: 36.

செம்மலர் குனிந்து எருமையைத் திறந்தாள். எதை, எப்போது, யாருக்கு அனுப்பினோம் என்று அது ஒவ்வொன்றையும் குறித்து வைத்திருக்கும். தமயந்தி, ஓசூர், சித்திரை மாதம். அனுப்பியது: 38.

"குழந்த பொறந்தப்புறம் நான்தானுங்க்கா அளந்தேன். முப்பத்தெட்டுதான் போட்டிருக்கறேன். முப்பத்தெட்டுதான் போயிருக்குது."

"அப்ப நடுவால எவன் ரெண்டு இஞ்ச வெட்டுனான்?"

இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். அங்கே, சாமி படத்துக்கு அடுத்தபடியாக, வெள்ளை வெளேரென்று கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அன்னம்.

அன்னம் நெட் என்ற இணையக் கம்பெனியின் பெட்டி அது. நீரை விட்டுப் பாலை மட்டும் எடுக்கும் என்று விளம்பரம் செய்வார்கள். அதன் மார்பில் 97 என்று பச்சை எழுத்து எரியும். வீட்டின் ஒழுங்கு மதிப்பெண். அவ்வப்போது ஏறும், இறங்கும். மூன்று வருடமாக ஊர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு அதையும் கேட்டார்கள். எண்பதுக்குக் கீழே இருந்தால் 'அந்த ஊடு கொஞ்சம் அப்படி இப்படி' என்று இழுத்தார்கள். சின்னச்சாமி வாக்கிங் போகும் இடத்திலெல்லாம் தொண்ணூற்று ஏழைச் சொல்லாமல் திரும்புவதில்லை.

மறுநாள் காலையில் அன்னம் நெட்டிலிருந்து பிரிசில்லா வந்தாள். ஏணி, கம்பிச் சுருள், சிரித்த முகம். வந்ததும் அன்னத்தின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு, "ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா, தங்கமா வேலை செய்யுது" என்றாள்.

"முப்பத்தெட்டு அனுப்புனா முப்பத்தாறு போவுது. அதுக்குப் பேரு தங்கமா?" என்றாள் தமயந்தி. அளவு ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை ஓசூர் திரும்புவதில்லை என்று அவள் பக்கத்துத் தெருவில் தம்பி வீட்டில் தங்கிவிட்டிருந்தாள்.

"அது எப்படின்னா, ஊருல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனா கம்பி தாங்காதுங்க. அதனால இந்தப் பெட்டி உங்க ஊட்டுப் பேச்சு மொத்தத்தையும் கேட்டுப் படிச்சு வச்சிருக்குது. அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒரு பெட்டி. நீங்க 'சா'ன்னு வாயெடுத்தா அங்க 'சாப்டாச்சா' ரெடியா இருக்கும். மூஞ்சி, சிரிப்பு, கொரலு எல்லாம் அங்கயே தயாராயிரும். நெசமா கம்பில போறது ரொம்பக் கொஞ்சமுங்க. நம்ம ஜனங்க போன்ல பேசறதுல பாதி, சாப்டாச்சா, என்ன கொழம்பு, அங்க மழையா. இதப்போயி எதுக்கு அவ்வளவு தூரம் சொமந்துட்டுப் போகோணும்?"

"வழக்கத்த மீறி எதாவது சொன்னா?" என்று செம்மலர் கேட்டாள்.

"ரொம்ப மீறுனா அனுப்பிரும். கொஞ்சம் மீறுனா, ஆளு எதோ தடுமாறிட்டாங்கன்னு அதுவே திருத்திரும். இவிங்க வழக்கமா முப்பத்தாறு. திடீர்னு முப்பத்தெட்டுன்னா, உங்க கை தவறிடுச்சுன்னு நெனச்சுத் திருத்தியிருக்குதுங்க."

"அப்ப நான் திட்டுனது?"

"நீங்க இவிங்களத் திட்டி அதுக்குப் பழக்கமில்லீங்களே."

தமயந்தி குழந்தையை இடுப்பு மாற்றினாள்.

"உள்ளபடி சொன்னா," பிரிசில்லா குரலைத் தாழ்த்தினாள், "உங்க ஊடு எங்க ஆபீசுல பேமசுங்க்கா. பெட்டி கணிச்சபடியே பேசறதுக்குத்தானுங்க அந்த மார்க்கு. அப்பா தொண்ணூத்தஞ்சு, அம்மா தொண்ணூத்தாறு, நீங்க தொண்ணூத்தொம்பது. நீங்க வாயே தொறக்கலைன்னாலும் பெட்டி உங்களுக்காகப் பேசிரும். எங்க மேனேஜர் உங்க பேரச் சொல்லித்தான் புது ஆளுங்களுக்குப் பாடம் எடுக்கறாரு. ஒரே ஒரு வெசயம்தான் இந்த ஊட்டுல வினோதமா இருக்குதுன்னாங்க."

"என்னது?"

"வேண்டாங்கற சொல்லுக்கு எடையே கெடையாதுங்க. எங்க பெட்டி மூணு வருசமாப் பாத்திருக்குது. இந்த ஊட்டுல யாரு வந்து வேண்டாம்னு சொன்னாலும் அடுத்த நிமிசம் காபி குடிக்கறாங்க, பலகாரம் திங்கறாங்க, எலைல உக்காந்துக்கறாங்க. அதனால வேண்டாம்னு சத்தம் கேட்டா, அது ஒரு மரியாதைச் சத்தம், அர்த்தம் என்னவோ சரிங்கறதுதான்னு பெட்டி முடிவு கட்டிருச்சுங்க. வேண்டாம் வந்தா சரின்னு அனுப்பிருது. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்டு இல்ல."

சரியாக அந்த நேரத்தில் மரகதம் சமையலறையிலிருந்து கையில் தம்ளரோடு வந்தாள்.

"காபி குடி சாமி."

"அய்யோ வேண்டாங்கம்மா, இப்பத்தானுங்க..."

பிரிசில்லா பாதியில் நிறுத்தினாள். தம்ளர் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது. மூன்று பெண்களும் அந்தத் தம்ளரையே பார்த்தார்கள். மரகதத்துக்கு ஒன்றும் புரியவில்லை; அவளுக்கு வேறு சந்தோஷம் இருந்தது.

"தமயந்தி, நீயும் கேட்டுக்க கண்ணு. தாராபுரத்துக்காரங்க இப்பத்தான் சொல்லி அனுப்புனாங்க. ஞாயித்துக்கெழம பூ வைக்க வர்றாங்களாம்! பையனுக்கு முழுச் சம்மதமாம். நம்ம மலரும் திங்கக்கெழம போன்ல வாய் நெறையச் சரின்னு சொல்லிச்சாம். இத்தன நாளு இந்தப் புள்ள வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசுமான்னு கவலைப்பட்டேன்."

செம்மலரின் விரல்கள் அளவு நாடாவைச் சுருட்டின. பிரித்தன. மறுபடி சுருட்டின.

திங்கட்கிழமை நடந்தது இதுதான். பெண்ணும் பையனும் பேசட்டும் என்று இந்த வீட்டுப் பெரியவர்கள் எழுந்து வெளியே போனார்கள். திரையில் பையன் குணசீலனும் அவன் அத்தையும் இருந்தார்கள். பெண்ணுக்கு வாழப்போகும் இடத்தில் தையல் வேலையெல்லாம் தேவைப்படாது, மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அத்தை முன்பே சொல்லியிருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்களை யாரிடம் கொடுப்பது என்று செம்மலர் மூன்று நாள் யோசித்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒரு முழு வாக்கியத்தைச் சொன்னாள்: "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க."

கண்ணைத் திறந்தபோது அத்தை திரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். 'ரொம்ப சந்தோசம் கண்ணு' என்றாள். எவ்வளவு பெரிய மனசு, மறுத்ததைக்கூடச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறார்களே என்று செம்மலர் மூன்று நாளாக மனம் லேசாகி, தைக்கும்போது பாட்டுக்கூட முணுமுணுத்திருந்தாள்.

மரகதம் தட்டு வாங்கக் கடைக்குப் போனதும் தமயந்தி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "அம்மாகிட்ட இப்பவே சொல்லு" என்றாள்.

"அம்மா மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாதுங்க்கா. அவிங்களே வேண்டாம்னு சொல்லிட்டா நல்லது. அந்தப் பையன்கிட்ட ஒரு தடவ ஒழுங்காப் பேசுனாப் போதும்."

"தாராபுரத்துக்கு நான் பஸ் ஏறிப் போய்ச் சொல்லட்டா?"

"அய்யோ, ஊரே கூடிரும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு கம்பி வேண்டும். எருமையோடும் ஒத்துப்போக வேண்டும். கைப்பேசியால் பயனில்லை. வீட்டுக்குள் அது அன்னத்தின் வழியாகப் பேசியது. வெளியே போனால் ஊர்க் கோபுரத்தில் இதைவிடப் பெரிய அன்னம் உட்கார்ந்திருந்தது. வேறு கம்பெனிக்குப் போன் செய்து விசாரித்துப் பார்த்தாள். 'லினக்ஸ் சர்வருக்கு உங்க இணைப்பு ஒத்து வருமுங்களா' என்று அவள் கேட்டதற்கு, 'உங்களுக்கும் தீபாவளி வாழ்த்துகள்' என்று பதில் வந்தது. தன் வாயிலிருந்து அன்னம் என்ன சொல்லி அனுப்பியிருக்கும் என்று யோசித்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்தாள்.

பில் புத்தகத்தின் பின்பக்கம் நான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். தமயந்தி பின்சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டாள். கேள்வி செம்மலருடையது, வாய் தமயந்தியுடையது என்று ஏற்பாடு.

கிளி நெட் ஆபீசில் பச்சைச் சட்டை போட்ட ஒருவன் இருந்தான்.

"லினக்ஸுங்களா? அது எந்தக் கம்பெனி டிவிங்க?"

"டிவி இல்ல தம்பி. சர்வரு. வெளியூர்லருந்து அத வந்து கேப்பாங்க. அதுக்கு மாறாத அட்ரஸு ஒண்ணு வேணும். குடுப்பீங்களா?"

"அட்ரஸ் எதுக்குங்க? எங்க கிளிக்கே தெரியும் யாரு எங்க இருக்காங்கன்னு."

"வெளிய இருந்து வர்ற வழிய அடைச்சு வைப்பீங்களா, தொறந்து விடுவீங்களா?"

"பாதுகாப்பா அடைச்சு வச்சிருக்கறமுங்க."

"நாங்க அனுப்பறது அப்படியே போகுமா?"

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "அன்னத்த மாதிரி தொண்ணூத்தேழெல்லாம் இல்லீங்க. எங்க கிளி தொண்ணூத்தொம்பதரை. நீங்க நெனைக்கறதுக்கு முன்னால போயிரும்."

தமயந்தி நான்காவது கேள்வியைக் கேட்காமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அடுத்த ஆபீசில் கேள்வி கேட்க ஆளே இல்லை. ஒரு திரை இருந்தது. அது தமயந்தியின் முகத்தைப் பார்த்ததும், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கான திட்டம் என்று ஒரு தாலாட்டைப் போட ஆரம்பித்தது. குழந்தை அழுதது.

கடைசியாக, தளி ரோட்டில் கேபிள் நாச்சிமுத்துவிடம் போனார்கள். அவர் பழைய கேபிள் டிவிக்காரர். கம்பியைத் தென்னை மரத்துக்குத் தென்னை மரம் இழுத்துக் கட்டியிருந்தார். பத்தொன்பது வீடுகள்தான் மிச்சம். அதில் ஒருவர் ஜோசியர். தன்னைத் தவிர இன்னொருத்தர் கணிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று சண்டைக்காரப் புருஷன் பெண்டாட்டி. அவர் கோயம்புத்தூரில், அவள் இங்கே, திட்டுவது முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்பதில் இரண்டு பேரும் கறாராக இருந்தார்கள்.

"கணிக்கறதுக்கெல்லாம் எங்கிட்ட மெசினு இல்லீங்க அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. "சும்மா கம்பிதான். காத்தடிச்சா நிக்கும். அணிலு கடிச்சா நிக்கும். ஆனாக் கூட்டிக் கொறச்சுச் சொல்லாது."

"மாறாத அட்ரஸு?"

"பத்தொம்பது ஊட்டுக்கும் ஆளுக்கொண்ணு நிரந்தரமாக் குடுத்திருக்கறேன். இருபதாவது உங்களுக்கு."

"வழி?"

"தொறந்துதான் கெடக்குது. பூட்டுப் போடறது உங்க பாடு."

நான்காவது கேள்வியைச் செம்மலரே கேட்டாள். "இங்கிருந்து வெளிய அனுப்பற வேகம் எப்படிங்க? எல்லாரும் எறங்கற வேகத்தத்தான் சொல்றாங்க."

நாச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "போறதும் வர்றதும் ஒரே வேகமுங்க. ரெண்டுமே மெதுவுதான்."

"லினக்ஸ் வச்சிருக்கறேன். பரவாயில்லீங்களா?"

"நீங்க எருமமாட்டக் கொண்டாந்து கட்டுனாலும் எங் கம்பிக்கு ஒண்ணுமில்லீங்க."

"அதேதானுங்க," என்றாள் செம்மலர். அன்றைக்கு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வீட்டில் சின்னச்சாமி ஒப்பவில்லை. "கல்யாணம் கூடி வர்ற நேரத்துல அன்னத்தக் கழட்டறதா? தொண்ணூத்தேழு அம்மிணி! உங்கப்பன் வாங்குன ஒரே மார்க்கு!" கடைசியில் அன்னம் சுவரிலேயே இருக்கட்டும், எருமைக்கு மட்டும் தனியாக ஒரு கம்பி என்று தீர்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து தென்னை மரத்திலிருந்து இறங்கினார். ஒரு முனையில் பெட்டி இல்லாவிட்டால் மறுமுனைப் பெட்டியும் வாயை மூடிக்கொள்ளும் என்று பிரிசில்லா சொல்லியிருந்தாள். கணிப்பதற்கு இரண்டு பேர் வேண்டுமாம். செம்மலர் சோதித்துப் பார்க்க நினைத்தாள். தமயந்தியின் அளவில் மார்புச் சுற்றை முப்பத்தெட்டு என்று வைத்து, கழுத்து இறக்கத்தை எழுபது அங்குலம் என்று போட்டு ஓசூருக்கு அனுப்பினாள்.

இரண்டு நிமிடத்தில் எருமை வழியாகப் பாரூக் பாய் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஜாக்கெட்டு யாருக்கு? ஒட்டகச்சிவிங்கிக்கா?"

தமயந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். செம்மலருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடத்தில் கம்பி வழியாக ஒரு மனிதர் அவளிடம் எதிர்பாராத ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு தமயந்தியை அறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, குணசீலனைக் கூப்பிட்டாள். திரையில் வந்த முகத்தை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. திங்கட்கிழமை பார்த்தவன் வழவழவென்று, தலை வாரி, புன்னகையோடு இருந்தான். இவன் மூக்கில் ஒரு தழும்பு இருந்தது. சளி வேறு பிடித்திருந்தது.

"நான் செம்மலருங்க. அன்னிக்கு நான் சரின்னு சொல்லலீங்க. வேண்டாம்னு சொன்னேன். பெட்டி மாத்திச் சொல்லிருச்சு. எனக்குக் கல்யாணம் வேண்டாமுங்க." இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அந்தப் பக்கம் குணசீலன் மூக்கை உறிஞ்சினான்.

"நானும் வேண்டாம்னுதானுங்க சொன்னேன்."

"என்னது?"

"தப்பா எடுத்துக்காதீங்க. பன்னண்டு நிமிசம் பேசுனமுங்களா? எது கேட்டாலும் சரிங்க, சரிங்கன்னீங்க. சிரிச்சது சிரிச்சபடியே இருந்தீங்க. ஒரு மனுசிகிட்டப் பேசுன மாதிரியே இல்லீங்க. அதனால, அத்தை வெளிய போனதும் உங்ககிட்டயே சொல்லிட்டேன், இது சரிப்படாதுன்னு. நீங்க அதுக்கும் சரிங்கன்னீங்க."

"நீங்க 'ரொம்பப் புடிச்சிருக்குதுங்க'ன்னு சொன்னீங்க!"

"நானா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று பிடித்துப்போய், சம்மதம் பேசி, நாளும் குறித்துவிட்டிருந்தன. கல்யாணம் நடந்திருந்தால் இந்த இரண்டு பேரும் விருந்தாளிகளாகத்தான் போயிருக்க வேண்டும்.

"நான் இங்க ஊட்டுல சொல்லிர்றனுங்க," என்றான் குணசீலன். "நீங்க அங்க சொல்லிருங்க. நாளைக்கு யாரும் வர வேண்டியதில்ல."

"சரிங்க," என்றாள் செம்மலர். பிறகு அவசரமாக, "இது நெசச் சரிங்க" என்றாள்.

மனுஷனிடம் சொல்லிவிட்டாள். இனி அம்மாவிடம் சொல்லும் தைரியமும் வந்துவிட்டது. சாயங்காலம் மரகதம் பூத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செம்மலர் எதிரில் போய் உட்கார்ந்தாள். கம்பி இல்லை, பெட்டி இல்லை. ஒன்றரை முழம் தூரம்.

"அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

மரகதம் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "எல்லாப் புள்ளைகளும் இப்படித்தான் சொல்லும் கண்ணு. நானும் சொன்னேன். இந்த ஓரத்துல கறை இருக்குதா பாரு."

"நெசமாத்தான்மா சொல்றேன்."

"நெசமாத்தான் நானும் சொன்னேன். எங்கம்மா காதுல வாங்குனாளா? அப்புறம் எல்லாம் சரியாப் போச்சு." மரகதம் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "வெக்கம்."

செம்மலர் அன்னத்தைத் திரும்பிப் பார்த்தாள். பாவம், அதன்மேல் இத்தனை நாள் கோபப்பட்டோமே என்று இருந்தது. அது இந்த வீட்டுப் பிள்ளை. இந்த வீட்டில் கேட்டு வளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. பதினோரு பேர் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய குணசீலன் செம்மலரை ஜன்னலில் பார்த்ததும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அவனும் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பூத்தட்டு நடுவில் இருந்தது. குணசீலனின் அத்தை, மரகதத்தைவிட வாயாடி, செம்மலரைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"முறைக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கறோம் கண்ணு. உனக்குச் சம்மதந்தான?"

செம்மலருக்கு வகுப்பில் எழுந்து நிற்பது போலிருந்தது. பதினோரு பேர், அப்பா, அம்மா, வாசலில் குழந்தையோடு தமயந்தி.

"வேண்டாமுங்க."

கூடம் முழுக்கச் சிரிப்பு. "பாரு, வெக்கத்த!" என்றாள் அத்தை. "வெச்சுருங்க பூவ."

"வேண்டாமுங்க," என்றாள் செம்மலர் மறுபடி, கொஞ்சம் உரக்க.

"ரெண்டு தடவ சொல்லுது, ரொம்ப நல்ல புள்ள!" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் பாராட்டினார்.

அத்தை பூச்சரத்தைக் கையில் எடுத்தாள். அப்போது குணசீலன் எழுந்து நின்றான்.

"அத்தை, அவிங்க வேண்டாம்னு சொல்றாங்க."

அவன் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அவள் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னான், கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் சிரிப்பு நின்றது.

"நானும் வேண்டாம்னு சொன்னேன். திங்கக்கெழம சொன்னேன். நேத்துச் சொன்னேன். இன்னிக்கு வேன்ல ஏறும்போதும் சொன்னேன். நீங்கெல்லாம் ஜன்னலோர சீட்டு யாருக்குன்னு பேசிட்டிருந்தீங்க."

பூச்சரம் அத்தையின் கையிலேயே தொங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சின்னச்சாமி மட்டும் சுவரைப் பார்த்தார். அன்னத்தின் மார்பில் தொண்ணூற்று ஏழு மினுக்மினுக்கென்று அடித்து, எண்பத்தாறாகி, அறுபத்து நாலில் போய் நின்றது. "அய்யோ," என்றார் அவர், மிக மெதுவாக.

செம்மலர் அம்மாவைப் பார்த்தாள். மரகதத்தின் முகத்தில் கோபம் இல்லை. எங்கேயோ தூரத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டதுபோல, முப்பது வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒன்று இப்போதுதான் வந்து சேர்ந்ததுபோல, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாத்தான் சொன்னியா கண்ணு?"

"ஆமாம்மா."

மரகதம் தலையை ஆட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துவிட்டு, வந்தவர்களைப் பார்த்தாள். "சரிங்க. அது அப்படின்னா அப்படியே இருக்கட்டும். எலை போடறேன்."

"வேண்டாங்க, நாங்க கெளம்பறோம்" என்றார்கள் பதினோரு பேரும்.

மரகதம் அதற்குள் மூன்று இலை போட்டுவிட்டிருந்தாள். பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். செம்மலர் தண்ணீர் தெளித்துக்கொண்டே, பெட்டியின் கணக்கில் முழுத் தப்பும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பருப்புக்குப் பிறகு அத்தை, "கொழம்பு நல்லாருக்குது" என்றாள். ரசத்தின்போது, தன் ஜாக்கெட்டுக்குத் தோள் இறங்குவதைப் பற்றிச் செம்மலரிடம் மெல்ல விசாரித்தாள். செம்மலர் அங்கேயே பார்வையால் அளந்து, "அரை இஞ்சு பிடிக்கோணுமுங்க" என்றாள். கடைசியில் மரகதம் பாயசத் தூக்கோடு வந்தாள். ஒரு சுற்று எல்லோருக்கும் ஊற்றியாயிற்று. இரண்டாம் சுற்றுக்குக் குணசீலனிடம் வந்தபோது அவன் இலையின்மேல் கையைக் குறுக்கே வைத்தான்.

"வேண்டாமுங்க, போதுமுங்க."

கரண்டி வழக்கம்போல அவன் விரல்களைச் சுற்றிக்கொண்டு இடம் தேடியது. செம்மலர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா. அவிங்க வேண்டாங்கறாங்க."

கரண்டி அந்தரத்தில் நின்றது. ஒரு சொட்டுப் பாயசம் இலையின் ஓரத்தில் விழுந்தது. மரகதம் மகளைப் பார்த்தாள், மாப்பிள்ளையாக இல்லாமல் போனவனைப் பார்த்தாள், பிறகு கரண்டியை மெதுவாகத் தூக்குக்குள் திருப்பிப் போட்டாள். அந்த வீட்டில் அப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததில்லை.

ஆனால் கரண்டி போன வழியே குணசீலனின் கண்ணும் போனதைச் செம்மலர் பார்த்துவிட்டாள். தூக்குக்குள் அது இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெறும் இலையைப் பார்த்தான்.

அவள் குனிந்தாள். "நெசமாவே வேண்டாமுங்களா?"

யாரும் இதற்கு முன் அவனிடம் அப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை போலிருக்கிறது. காதுமடல் சிவந்தது.

"கொஞ்சம் வேணுமுங்க," என்றான்.

"எவ்வளவுங்க?"

"அரைக் கரண்டி."

செம்மலர் அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினாள். தூக்கில் விட்டு எடுத்து, கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் திருப்பி ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு இலையில் விட்டாள். சரியாக அரைக் கரண்டி.